லோடு வண்டிக்கு வழி

நான் கார் ரேஸ் ஓட்டினவன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரேஸா? நீங்களா?" என்கிறார்கள். நான்தான் ஐயா, நானேதான். கடலை பிடுங்கிய கொல்லையைச் சமப்படுத்தி, தண்ணீர் லாரி விட்டு நனைத்து, பழைய டயர்களை அடுக்கி வட்டம் கட்டுவார்கள். அதற்குள் பழைய பியட்டும் அம்பாசடருமாக ஏழெட்டுக் கார்கள் இடித்துக்கொண்டும் உரசிக்கொண்டும் பத்துச் சுற்று ஓடும். கண்ணாடி எதுவும் இருக்காது. பின்சீட்டு இருக்காது. கதவு பறந்துவிடாமல் இருக்கச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், முடிந்து இறங்கும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பெரம்பலூர்ப் பக்கம் கோடையில் இந்த மண் ரேஸ் நடக்கும். கரூர், நாமக்கல்லிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்து ஒன்று வரை நான் ஓட்டினேன்.

வாரத்தில் ஆறு நாள் எனக்கு வேறு ஓட்டம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஒரு குழியில் டம்பர் லாரி டிரைவர். நாங்கள் அதை மைன்ஸ் என்போம். குழியில் கல்லை ஏற்றிக்கொண்டு, சுற்றுப்பாதையில் மேலே ஏறி, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் இறங்கி, கல்லை நொறுக்குகிற கிரஷரில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இத்தனை டிரிப் என்று கணக்கு. வேகமாகவும் போகக்கூடாது, மெதுவாகவும் போகக்கூடாது. ஓட்டுகிறவனுக்கும் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத வேலை அது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதி மாட்டியிருக்கும், ஆனால் யாரும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. முதல் நாளே கையில் ஏற்றிவிடுவார்கள். லோடு வண்டி நீளமாக ஒரு ஹாரன் அடித்தால், காலி வண்டி இடது பக்கம் ஓரங்கட்ட வேண்டும். முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி. ஏன், எதற்கு என்று திரும்பிப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில்கூடப் பார்க்கக்கூடாது. முப்பது டன் கல்லோடு வருகிறவனுக்குப் பிரேக் இருக்கிறதோ இல்லையோ, யார் கண்டது? நீ முதலில் ஒதுங்கு, அப்புறம் யோசி. நான் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்த சூப்பர்வைசர், ஓரங்கட்ட ஒரு நொடி தாமதித்ததற்கு என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, வெயிலில் நடந்தே வரச் சொன்னார். அதற்குப் பிறகு நான் தாமதித்ததே இல்லை. ஒன்பது வருஷத்தில் என் கை என்னைக் கேட்காமலே ஒதுங்கப் பழகிவிட்டது.

ரேஸ் காருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

எனக்குக் கார் கொடுத்தவர் பெரம்பலூரில் டயர் கடை வைத்திருந்தார். அவருடைய பியட்டை ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போய், ரேஸ் விட்டு, ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால் ஹாரனைக் கழற்றமாட்டார். மற்றவர்களும் அப்படித்தான். ரேஸில் ஹாரன் அடிக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. முதல் இரண்டு வருஷம் இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்க ஒருவன் இருந்தால்தானே? நான்தான் எப்போதும் கடைசியில் இருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் கை பழகிவிட்டது. மண்ணில் வண்டி வழுக்கும்போது பயப்படாமல் அதன் போக்கில் விட்டுப் பிடிக்கிற சூட்சுமம் பிடிபட்டது. அந்தக் கோடையில் முதல்முறையாக முன்னால் ஓடினேன். எட்டாவது சுற்றுவரை என் எதிரே தூசியே இல்லை. அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! மற்றவர்கள் கிளப்புகிற தூசியையே தின்று பழகியவனுக்கு, எதிரே சுத்தமான மண்ணும் வெயிலும் தெரிந்தால் எப்படியிருக்கும்? ஒன்பதாவது சுற்றில், எனக்குப் பின்னால் வந்த கரூர்க்காரன் பொறுமையிழந்து ஹாரனில் கையை வைத்து அழுத்திவிட்டான். நீளமாக ஒரே அடி.

என் கை இடது பக்கம் திருப்பியது. சத்தியமாக நான் திருப்பவில்லை. ஓரமாக, ஒழுங்காக, மைன்ஸில் எப்படி ஒதுங்குவேனோ அப்படி ஒதுங்கி வழிவிட்டேன். கரூர்க்காரனுக்கே புரிந்திருக்காது. போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "யோவ், டவுன் பஸ்ஸுக்கு வழிவுடறியா?" என்று ஒருத்தர் கத்தினார். காரை விட்டு இறங்கவே கூசியது. டயர் கடைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஒரு தடவையோடு போயிருந்தால் கெட்ட கனவு என்று மறந்திருப்பேன். விஷயம் பரவிவிட்டது. அடுத்த வருஷம் எனக்குப் பின்னால் எவன் வந்தாலும் முதல் வேலையாக ஹாரன்தான். அடித்தால் ஒதுங்குவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒதுங்காதே ஒதுங்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒதுங்குவேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். எஞ்சின் சத்தமும் கேட்காமல் போய், கியர் தப்பி டயர் குவியலில் ஏறியதுதான் மிச்சம். 'வழிவுடறவரு' என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாயிரத்திலும் அதே கதை. என் கை என் பேச்சைக் கேட்காது என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சொன்னது ஒரே ஆளிடம். என் மனைவியின் தம்பி. என்னைவிட இரண்டு வயது இளையவன். நான்தான் அவனை மைன்ஸில் சேர்த்துவிட்டேன், அவனும் டம்பர்தான் ஓட்டினான். கீழப்பழுவூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தான். வாய் ஓயாது. எதையும் சிரிக்காமல் பேச வராது. ஆனால் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவன் கையும் அதே கைதானே.

இரண்டாயிரத்து ஒன்று பிறந்ததும் டயர் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். கோயம்புத்தூரில் ரேஸ் கார் வைத்து நடத்துகிற ஒருவர் மண்ணில் ஓட்டத் தெரிந்த ஆள் கேட்டிருக்கிறார். மாதச் சம்பளம், ஓட்டுவது மட்டும்தான் வேலை.

"இந்தக் கோடையில ஜெயிச்சா உன்னைய அனுப்புறேன். இந்த வருஷமும் ஒதுங்கினீன்னு வையி, காரை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். கோச்சுக்காத" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. இதை விட்டால் ஓய்வுபெறுகிற நாள்வரை அதே குழி, அதே மேடு, அதே சரிவு. கோடையில் ஓடுகிற அந்தப் பத்துச் சுற்றுக்காகத்தான் மற்ற நாட்களில் எழுந்து குளித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அழுகிற நிலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மச்சான் முழுதும் கேட்டான்.

"அட இதுக்கா மாமா மொகத்த இப்படி வச்சிருக்கீங்க? பழக்குனதுதான, மாத்திப் பழக்கிருவோம்."

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்டிருந்த டம்பர் ஹாரன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். அவன் பைக்கில் ஒரு பேட்டரியைக் கட்டி அதை மாட்டினான். எங்கள் ஊர் ஏரி அப்போது காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. காலை ஷிப்டு முடிந்ததும், டயர் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த பியட்டில் நான் முன்னால், பைக்கில் அவன் பின்னால். அவன் ஹாரன் அடிப்பான், நான் ஒதுங்கக்கூடாது. முதல் பத்து நாள் ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். ஏரியின் ஓரமெல்லாம் என் சக்கரத் தடம். அவன் சலிக்கவே இல்லை.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். "ஒதுங்காதன்னு சொன்னா கை கேக்காது மாமா. அதுக்கு வேற வேலை குடுக்கணும். ஹாரன் கேட்டதும் ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு மூணு எண்ணுங்க. மூணு எண்ணுனதுக்கப்பறம் என்ன வேணா பண்ணிக்கங்க."

எண்ணினேன். முதலில் ஒன்று சொல்வதற்குள் கை ஓடும். பிறகு இரண்டு வரை தாங்கியது. ஒரு நாள் மூன்று வரை நின்றது. அன்றைக்கு அவன் பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு, ஏரிக்குள் குதித்துக் குதித்து ஓடினான். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். என் மனைவிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. "பொழுதன்னிக்கும் ஏரியில பாங் பாங்குன்னு என்னாங்க அது? ரெண்டு பேருக்கும் கழுத வயசாவுது, வெளையாட்டு போவல" என்று திட்டிக்கொண்டே இருவருக்கும் சோறு போடுவாள்.

இரண்டு மாதம் பழகினோம். ஒரு நாள் எனக்கே தோன்றி, "மாப்ள, மைன்ஸுல எவனாவது அடிச்சா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"அங்க டம்பரு, இங்க காரு. கைக்குத் தெரியாதா மாமா?" என்றான். நானும் தெரியும் என்றுதான் நினைத்தேன். மைன்ஸில் காலி வண்டியில் போகும்போது அந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ முறை ஒதுங்கத்தான் செய்தேன். கொஞ்சம் யோசித்து ஒதுங்கினேன், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டாள்.

அந்தக் கோடையில் ஜெயித்தேன். அதே கரூர்க்காரன், அதே நீளமான ஹாரன், கடைசிச் சுற்று வேறு. ஒண்ணு. ரெண்டு. மூணு. என் கை கல் மாதிரி நின்றது. அவன் மறுபடியும் அடித்தான், மறுபடியும் எண்ணினேன். கோட்டைத் தாண்டியதும் மச்சான் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து, கார் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டு என்னைக் கட்டிக்கொண்டான். டயர் கடைக்காரர் அங்கேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொன்னார்கள். வேலையை விடுவதாக மைன்ஸில் எழுதிக்கொடுத்துவிட்டேன். இன்னும் பதினாறு நாள் வேலை பார்த்தால் போதும்.

பதினோராவது நாள். டீசல் போட்டுவிட்டு வரலாம் என்று காலி டம்பரை எடுத்துக்கொண்டு மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். டீசல் பங்க் கிரஷருக்குப் பக்கத்தில் இருந்தது. காலை பத்தரை மணி இருக்கும். மனசெல்லாம் கோயம்புத்தூரில் இருந்தது. எந்த வீடு பார்ப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசனை. பின்னால் ஹாரன் கேட்டது. நீளமாக ஒரே அடி.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

மூணு சொன்ன பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. பதறியடித்து இடது பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க லோடு வண்டி. பிரேக்கில் காற்று இறங்கிப்போய், நிறுத்த வழியில்லாமல் வந்துகொண்டிருந்தது. நான் ஒதுங்கி முடிப்பதற்குள், என்மேல் ஏற்றிவிடக்கூடாது என்று அந்த டிரைவர் வலது பக்கம் ஒடித்துவிட்டான். அங்கே பாதை இல்லை. கழிவு மண்ணும் கல்லும் கொட்டி வைத்த கரை. வண்டி அதில் ஏறி, சாய்ந்து, அப்படியே படுத்தது. கல் சரிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அது மச்சானுடைய வண்டி என்று நம்பரைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். முன்னால் என்னைத் தவிர வேறு எவன் போயிருந்தாலும் அவனுக்கு வழி கிடைத்திருக்கும்.

கேபினைப் பிய்த்து அவனை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை கல்லைக் கையால் பொறுக்கி வீசிக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்து இழுத்தார்கள், திரும்பத் திரும்ப ஓடினேன். அவனுக்கு நினைவு இருந்தது. "மாமா, காலு தெரியல மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் ஆபீஸில் விசாரணை. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டுச்சா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"கேட்டுச்சு சார்."

"கேட்டுமா ஒதுங்கல?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் சார்."

"என்னத்த?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏரியைச் சொன்னேன், ரேஸைச் சொன்னேன், கரூர்க்காரனைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகத்தான் கேட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "சொந்த மச்சான் சார். ஆளு இன்னும் அதிர்ச்சியிலேயே இருக்காரு. ஒண்ணும் புரியாம பேசுறாரு" என்று வாசலில் நின்ற எங்கள் சூப்பர்வைசர் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கு எண்ணம். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. முன்னால் சென்ற டிரைவருக்கு ஹாரன் ஒலி ஏதும் கேட்கவில்லை. அப்படியென்றால் பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கவில்லை. தப்பு முழுக்க அவனுடையது.

ஓடினேன். கேட்டது, எனக்குக் கேட்டது, மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். பைல் மேலே போய்விட்டது என்றார்கள். மேலே என்றால் எங்கே? அரியலூரா, சென்னையா? யாருக்கும் தெரியவில்லை. எழுதிக்கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை எழுதிக்கொடுத்தேன். அந்தக் காகிதங்களை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் தேதி வந்தது. கோயம்புத்தூருக்கு நான் போகவில்லை. டயர் கடைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு ஆளை அனுப்பிவிட்டார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

விசாரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனிடம் என் வாயால் சொல்லாமல் வேறு யாரும் சொல்லிவிடக்கூடாது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் மனைவி ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தாள். நான் போனபோது தம்பிக்கு ரசம் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"மாப்ள, நீ ஹாரன் அடிக்கலன்னு எழுதிட்டாங்கடா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

அவன் மெதுவாக மென்று விழுங்கினான். "அடிச்சனே மாமா. கைய எடுக்கவே இல்லியே."

"தெரியும்."

"கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு மாப்ள."

ஏரியில் கேட்பானே, அதே குரலில் கேட்டான். "எண்ணுனீங்களா?"

தலையை ஆட்டினேன். அவன் சிரிக்கப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

"நீங்க என்ன பண்ணுவீங்க மாமா. நான்தான எண்ணச் சொன்னேன்."

"என்னத்தடா எண்ணச் சொன்ன?" என்று கேட்டாள் என் மனைவி. கையில் அடுத்த கவளம் இருந்தது.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதனால் நான் சொன்னேன். அதிகாரிகளிடம் சொன்ன அதே கதைதான், ஹாரன், ஏரி, ஒண்ணு ரெண்டு மூணு. ஆபீஸில் மூன்று படித்த மனிதர்களுக்குப் புரியாதது அவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. கவளத்தைத் தட்டில் வைத்தாள். கையைக் கழுவவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்தம்பி பின்னாடி பிரேக்கு இல்லாம கத்திக்கிட்டு வந்தான். நீ மூணு எண்ணுன?"

"எண்ணுனேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?